கூர் வைக்காத வாள்

1

நான் வேலை செய்வது யன்னல் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். டென்மார்க்கின் மேற்குப் பக்கத்தில், காற்று ஓயாத ஒரு சின்ன நகரம். மத்தியான இடைவேளையில் எல்லோரும் பாண் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியைப் பார்ப்பார்கள். சோற்றுப் பெட்டியைத் திறந்தால் வாசம் பரவும் என்பதால் நான் மூலையில் தனியாக இருப்பேன். வைகாசி மாதத்தில் ஒருநாள் என்னோடு வேலை செய்யும் கார்ஸ்டன் அந்த மூலைக்கே வந்து தன் தொலைபேசியை என் சோற்றுக்கு மேலே நீட்டினான்.

ஒரு புல்வெளி, சுற்றிவர மரவேலி. உள்ளே தலை முதல் கால் வரை இரும்பால் மூடிய ஆட்கள் ஒருவரையொருவர் வாளாலும் கோடரியாலும் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நாடகம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தபிறகு அடி உண்மை என்று விளங்கியது. ஓர் ஆளை வேலியோடு சாய்த்து வைத்து மூன்று பேர் மாறி மாறித் தலையில் போட்டார்கள். அந்த ஆள் ஒருவனின் காலை வாரி விழுத்தி, தானும் அவன் மேல் விழுந்து, பிறகு எழும்பித் தலைக்கவசத்தைக் கழற்றியது. மூக்கால் இரத்தம் வடிய, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது என் மகள் மதுரா.

"இது உன் மகள்தானே?" என்று கேட்டான் கார்ஸ்டன்.

"இல்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் எங்கள் குடும்பப் பெயரை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினான். இந்த நாட்டில் அந்தப் பெயர் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. கார்ஸ்டன் என் தோளில் தட்டி, "பயங்கரமான பெண்" என்றான். பாராட்டுத்தான். ஆனால் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் சனிக்கிழமைகளில் கழகத்துக்குப் போகிறாள் என்பது தெரியும். இரண்டு வருடமாக நாங்கள் அதைப் பூப்பந்து என்று நினைத்திருந்தோம். அவள் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பையை ஒருதரமாவது தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அதற்குள் இருப்பது பூப்பந்து மட்டை இல்லையென்று.

2

அன்று பின்னேரம் வீட்டில் பெரிய வழக்கு. என் மனைவி வசந்தி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். கண்டலையும் காயத்தையும் பார்த்துப் பழகியவள். அவள் ஒன்றும் பேசாமல் மகளின் சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கைக்கு மேலே நாவல்பழ நிறத்தில் ஒரு கண்டல்.

"உது என்ன பிள்ளை?"

"போன சனிக்கிழமை வந்தது அம்மா. அது போயிடும்."

"ஆர் அடிச்சது?"

"எங்கடை கழகத்து ஆள்தான். சரியான நல்லவர்."

"நல்லவர் ஏன் உனக்கு அடிக்கிறார்?"

"நானும் அவருக்கு அடிச்சனான்" என்றாள் மதுரா, அதோடு கணக்குச் சரி என்பதுபோல.

நான் இடையில் புகுந்தேன். "நாங்கள் அடிக்குப் பயந்து நாடு விட்டு ஓடி வந்தனாங்கள். நீ சந்தா கட்டி அடி வாங்கிறாய். உனக்கு விசரே?"

அவள் கோபப்படவில்லை. அவள் இங்கே பிறந்தவள், தாதியாகப் படிக்கிறவள், எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுகிற குணம். அந்தக் குணத்தைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்களிடம் முன்பு நான் பெருமையடித்ததுண்டு. "வந்து பாருங்கோ" என்று எங்களைக் கார்க் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பழைய சைக்கிள்களுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி. அதைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் பரப்பினாள். எங்கள் வீட்டுக்குள் இவ்வளவு இரும்பு வந்து சேர்ந்ததை நான் அறியாமல் இருந்திருக்கிறேன்.

எழுநூறு வருடத்துக்கு முந்தி ஐரோப்பாவில் போர்வீரர்கள் போட்ட சண்டையை அதே மாதிரிக் கவசம் போட்டு விளையாடுகிற விளையாட்டாம். அடுத்த ஒரு மணித்தியாலம் நான் படித்தது இது. கவசம் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்கவேண்டியது இரும்பை அல்ல, உள்ளே போடும் பஞ்சு மேலங்கியை. துணியைப் பல மடிப்பாக அடுக்கித் தைத்த அங்கி அது. அது சரியில்லாவிட்டால் மேலே எவ்வளவு நல்ல தகடு போட்டாலும் எலும்பு உடையும். தலைக்கவசத்தை அழகுக்கு வாங்குகிறவர்கள் முதல் சண்டையோடு ஆசுப்பத்திரிக்குப் போவார்கள். கண்ணுக்கு விட்ட வெட்டு பெரிதாக இருந்தால் நன்றாகத் தெரியும், ஆனால் வாள் முனை உள்ளே வரும். சின்னதாக இருந்தால் முனை வராது, பின்னால் வருகிறவனும் தெரியமாட்டான். ஆகவே தனக்கு எது பயமோ அதைப் பார்த்துத் தெரிவு செய்யவேண்டும். அவளுடைய தலைக்கவசம் ஒரு போலந்துக்காரரிடம் இருந்து பழசாக வாங்கியது. நெஞ்சுத் தகட்டை வசந்தி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆம்பிளையளின்ரை எல்லே?" என்று கேட்டாள்.

"பொம்பிளையளுக்கு எண்டு வடிவா வளைச்சது படத்திலை மட்டும்தான் அம்மா. அப்பிடிச் செய்தால் அடி நடு நெஞ்சுக்குத்தான் வழுக்கி வரும்."

வசந்தி தகட்டைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். அவள் அழுததைப் பார்த்து மகள் திகைத்துப் போனாள். இவ்வளவு பாதுகாப்பாக எல்லாம் விளங்கப்படுத்தியும் அம்மா ஏன் அழுகிறாள் என்பது அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

3

ஆடி மாதம் ஊரில் ஐயாவின், என் தகப்பனின், ஆட்டைத்திவசம்; அவர் போய் ஒரு வருடம். அவர் இறந்தபோது விமானச்சீட்டுக் கிடைக்காமல் தொலைபேசியில் சிதை நெருப்பைப் பார்த்தவன் நான். திவசத்துக்காவது போகவேண்டும் என்று தீர்மானித்தேன். வசந்திக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மதுரா தானாகவே வருகிறேன் என்றாள். அந்தச் சந்தோசத்தில் அவளுடைய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இந்த முறையும் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைப் பார்த்தார். தலைக்கவசத்தை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்து, என்ன இது என்றார். நான் முந்திக்கொண்டு, மோட்டார் சைக்கிள் ஓடுகிறவள் என்றேன். மகள் என்னைத் திருத்தினாள். "இல்லை, இது வாள் சண்டைக்கு" என்று ஆங்கிலத்தில் ஆறுதலாகச் சொன்னாள். அதிகாரி என்னைப் பார்த்தார். மற்ற அதிகாரிகளையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவர் போட்டுப் பார்த்துப் படமும் எடுத்துக்கொண்டார்.

நாங்கள் டென்மார்க் திரும்புகிற கிழமையே அவளுக்கு ஒரு பெரிய போட்டியாம். வெக்கைக்குள் மூச்சு வாங்கிப் பழகத்தான் தலைக்கவசத்தைக் கொண்டுவந்தாளாம். எங்கள் ஊர் நீர்வேலியில் என் அண்ணையின் வாழைத்தோட்டத்துக்குள் விடியவெள்ளன அதைப் போட்டுக்கொண்டு ஓடினாள். குலை வெட்ட வந்தவர்கள் கத்தியோடு அப்படியே நின்றார்கள். அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பிள்ளைக்கு மண்டையிலை ஏதும் வருத்தமோ? மறைக்காமல் சொல்லு, நல்ல டொக்ரர் இருக்கிறார்" என்றார்.

பஞ்சு மேலங்கி பழசாகிவிட்டது, புதிது தைக்கவேண்டும் என்றாள். கொடிகாமத்தில் மெத்தை தைக்கிற ஓர் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். மகள் கொண்டுவந்த மாதிரியை அவர் கசக்கிப் பார்த்தார்.

"இது குளிருக்கோ பிள்ளை?"

"இல்லை அன்ரி, அடிக்கு."

அவர் ஊசியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு விளக்கம் சொல்லப் போனால் இன்னும் மோசமாகும் என்று கூலியை விசாரித்தேன். போகும்போது அவர் என் மகளின் காதுக்குள், "ஆர் அடிச்சாலும் பயப்பிடாமல் எனக்குச் சொல்லு" என்றாராம். அங்கி மட்டும் அருமையாக வந்தது.

கீரிமலையில் ஐயாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்தோம். அதற்குப் பிறகு எனக்குக் கந்தோர் அலைச்சல் தொடங்கியது. ஐயாவின் காணியில் என் பங்கைப் பதிய வேண்டும். பிரதேச செயலகத்தில் ஒரு யன்னலுக்குப் போனால் அடுத்த யன்னலைக் காட்டுவார்கள். அடுத்த யன்னலில் இருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். நான் வெளிநாட்டுக்காரன் என்பதற்கு ஒரு கடிதம், வெளிநாட்டுக்காரன் இல்லை என்பதற்கு இன்னொரு கடிதம் கேட்டார்கள். மகள் வீட்டில் அலுத்துப்போவாளே என்று கவலைப்பட்டேன். அவள் அலுக்கவில்லை. தவத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

4

தவம் எங்கள் ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவன். நாற்பத்தைந்து வயதிருக்கும். மண்வெட்டி, வாழை வெட்டும் கத்தி, படலைப் பிணைச்சல் எல்லாம் அடிப்பான். வாய் ஓயாது. விசயதசமிக்குக் கோயிலில் வாழை வெட்டுகிற வாள் தன் கையால் அடித்தது என்பதை ஊரில் ஒருவருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. அண்ணையின் மண்வெட்டியை நெருப்பில் காய்ச்சித் தோய்க்கப் போனபோது மதுராவும் கூடப் போயிருக்கிறாள். போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள்.

அவளுடைய சண்டை வாள் போன மாதம் வெடித்துப்போனதாம். புதியது சொல்லிச் செய்விக்க ஐரோப்பாவில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். இங்கே ஒருவர் லொறி வில்லுத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி அடிக்கிறார். அவளுக்கு வேறென்ன வேண்டும்? கடதாசி மட்டையில் வரைந்து வெட்டிக் கொடுத்திருக்கிறாள். விளிம்பு ஒரு குற்றிக்காசின் தடிப்பு இருக்கவேண்டும். முனை வட்டமாக இருக்கவேண்டும். முனையை நிலத்தில் ஊன்றி அமத்தினால் வளையவேண்டும், விட்டால் நேராக வரவேண்டும். முதல் தகடு வளைந்தபடியே நின்றுவிட்டதாம். இரண்டாவது திரும்பி வந்ததாம்.

"கூர் வைக்காமல் வாள் குடுக்கிறது எனக்கு வெக்கம் பிள்ளை" என்று தவம் முறைப்பட்டிருக்கிறான். "ஆரும் பாத்தால் தவத்துக்குத் தொழில் தெரியாது எண்டெல்லே சொல்லுவினம்."

"கூர் வைச்சால் எனக்கு வேண்டாம்" என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

இது ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒருநாள் கந்தோரில் இருந்து வெறுங்கையோடு திரும்பி வந்து படலையைத் திறக்கிறேன்; கிணற்றடியில் என் மகள் ஒரு நீண்ட வாளைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு நிற்கிறாள். வெய்யிலில் அது மின்னியது. பின்னால் வந்த அண்ணை என்னைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய், அவளுடைய கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து, கதவையும் யன்னலையும் சாத்தினார். எழுபது வயது மனிதர் அப்படி ஓடி நான் கண்டதில்லை.

"ஆர் குடுத்தது உனக்கு உந்த வாளை? ஆரும் கண்டவையோ?"

"ஏன் பெரியப்பா? இது வெட்டாது. பாருங்கோ."

"வெட்டுமோ வெட்டாதோ எண்டு ஆர் மோனை தடவிப் பாக்கப்போகினம்? இஞ்சை வாள் எண்டால் என்னெண்டு தெரியுமோ உனக்கு?"

அவர் சொன்னார். முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிற கும்பல்கள். படலையைப் பிளந்து, யன்னலை நொறுக்கி, படுத்திருக்கிறவனை வெட்டிவிட்டுப் போகிற பெடியள். எதற்கென்று கேட்டால் ஒரு காதல், ஒரு கடன், ஒரு முகநூல் சண்டை. எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒருவனுக்கு மணிக்கட்டோடு கை போனது. பத்திரிகையில் வாள்வெட்டுச் செய்தி இல்லாத நாள் குறைவு. வெளிநாட்டில் இருந்துகொண்டு நானும் அந்தச் செய்திகளைத் தலைப்போடு கடந்து போகிறவன்தான். மூடிய அறைக்குள் அண்ணையின் வாயால் அன்றுதான் முழுக்கக் கேட்டேன்.

மதுரா கட்டிலில் இருந்து கேட்டாள்.

"உண்மையாவே கூர் வாளாலையோ?" என்று கேட்டாள். "கவசம் போடாத ஆக்களுக்கோ?"

அண்ணைக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எழுநூறு வருடத்துக்கு முந்திய சண்டையைத் தேடித் தேடிப் படித்தவளுக்கு, இன்றைக்கும் வாள் ஓங்குகிற ஊர் ஒன்று உண்டு என்பதும், அது தன் அப்பாவின் ஊர் என்பதும் அன்றுதான் தெரியவந்தது.

வாளைச் சாக்கில் சுற்றித் தவத்திடம் கொண்டுபோனேன். உடனே துண்டு துண்டாக வெட்டி உலையில் போடு என்றேன். "ஓம் ஓம், நாளைக்கே" என்றான். அவன் சொன்னதைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பி வந்தேன். அவன் தொழில்காரன் என்பதும் தான் செய்த வாள் மேல் அவனுக்கு ஆசை இருக்கும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

5

தவம் அதை வெட்டவில்லை. ஒரு கையில் வாளை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்து வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டிருக்கிறான். கீழே ஒரு வசனம்: "எமது கைவண்ணம். ஓடர்கள் ஏற்கப்படும்."

யாரோ அதைப் பொலிசுக்குக் காட்ட, அடுத்த நாள் பின்னேரம் ஜீப் வந்தது. பட்டறையைக் கிண்டி வாளையும், ஏற்கெனவே வளைந்துபோன முதல் தகட்டையும், அண்ணையின் மண்வெட்டியையும் ஏற்றிக்கொண்டு, தவத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் விமானம் ஏற இன்னும் மூன்று நாள் இருந்தது. இரவு வசந்தி தொலைபேசியில் மூச்சு விடாமல் கதைத்தாள். "நீங்கள் ரெண்டு பேரும் நாளைக்கே கொழும்புக்கு வெளிக்கிடுங்கோ. பொலிஸ் வாசலுக்குப் போகக் கூடாது. பிள்ளையின்ரை பாஸ்போட்டைப் பறிச்சால் என்ன செய்வியள்?" அண்ணை சொன்னதும் அதுதான். "நீ போ தம்பி. ஒரு அப்புக்காத்தைப் பிடிச்சு வழக்கை நான் பாக்கிறன்." ஆனால் அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாள் வழக்கில் போனவன் மாதக்கணக்கில் உள்ளே இருப்பான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காலையில் தவத்தின் மனைவி வந்தார். படலைக்கு உள்ளே வரவில்லை. சத்தம் போடவும் இல்லை. "பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதெண்டுதான் செய்தவர்" என்றார். "நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நம்புவினமோ தெரியேல்லை." அதோடு நின்றுகொண்டிருந்தார்.

மதுரா உள்ளே போய்த் தலைக்கவசத்தையும் புதுப் பஞ்சு மேலங்கியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கை போறாய்?"

"பொலிசுக்கு. நான் கேட்டுத்தான் அவர் செய்தவர். நான் அதைச் சொல்லவேணும்."

"உனக்கு இந்த இடம் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுந்தானே அப்பா. வாங்கோ."

எனக்குத் தெரியும், அதுதான் பிரச்சினை. பத்தொன்பது வயதில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமியும் பொலிசும் என்னை அள்ளிக்கொண்டு போனார்கள். ஐயா பத்து நாள் முகாம் வாசலில் நின்று என்னை எடுத்தார். உள்ளே நடந்ததை நான் வசந்திக்குக்கூட முழுக்கச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு இந்த நாட்டில் காக்கிச் சட்டை நிற்கிற எந்தக் கட்டடத்துக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. டென்மார்க்கில் வீதிப் பொலிஸ்காரன் வணக்கம் சொன்னாலே நான் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவேன். ஆனாலும் படலையில் அந்த மனுசி நிற்க, தலைக்கவசத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மகள் நடக்க, நான் வீட்டுக்குள் இருக்க முடியாது. சட்டையை மாற்றிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

6

பொறுப்பதிகாரி ஐம்பது வயதுக்காரர். நித்திரை கொள்ளாத முகம். தடக்கித் தடக்கித் தமிழ் கதைப்பார். முட்டுப்பட்டால் பக்கத்தில் நின்ற தமிழ்க் கொஸ்தாப்பல் எடுத்துக் கொடுப்பார். அவர் மரியாதையாகத்தான் எங்களைக் கதிரையில் இருக்கச் சொன்னார். எனக்கு இருக்க முடியவில்லை. வாயைத் திறந்தேன், டெனிஷ் வந்தது. முப்பது வருடமாக எனக்கு அந்த மொழி ஒழுங்காக வரவில்லை என்று மேலாளர்கள் முறைப்படுகிறார்கள். வரத்தேவையில்லாத இடத்தில் சரளமாக வந்தது. மகள் என் கையை அமத்திவிட்டு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் வாளை மேசையில் வைத்து விளிம்பைப் பெருவிரலால் தடவினார்.

"கூர் இல்லை" என்றார். "ஆனா கல்லில பிடிச்சா அரை மணி நேரத்தில வரும். வராதா?"

"வரும்" என்றாள் என் மகள். எனக்கு அவளுடைய வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. "ஆனால் வெட்டுறதுக்கு எண்டால் ஒருத்தரும் இவ்வளவு தடிப்பாய் அடிக்க மாட்டினம். இது பாரம். இதாலை வெட்டினால் கை நோகும். இது அடிக்கிறதுக்கு."

"யாருக்கு அடிக்கிற?"

"எனக்கு."

கொஸ்தாப்பல் மொழிபெயர்க்காமல் நின்றார். அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகள் தன் தொலைபேசியில் கார்ஸ்டன் எனக்குக் காட்டிய அதே மாதிரி ஒரு சண்டையைக் காட்டினாள். அவர் அதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "இப்ப போனில என்ன வீடியோ வேணும் என்றாலும் செய்யலாம்" என்றார். "நேற்று ஒரு ஆள் வந்தார், மாட்டுக்குப் புல்லு வெட்டுற வாள் என்று சொன்னார். எல்லாரும் ஒரு கதை வைச்சிருக்கிறாங்க."

தவம் உள்ளே ஒரு மர வாங்கில் இருந்தான். காற்சட்டையில் கரி. என்னைக் கண்டதும் எழும்பினான், எழும்பவேண்டாம் என்று யாரோ அதட்டினார்கள், இருந்தான். எப்போதும் ஓயாத அவனுடைய வாய் மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பத்து நாளும் திரும்பி வந்துவிட்டன.

மதுரா எழும்பினாள். பஞ்சு மேலங்கியைப் போட்டு முடிச்சுகளைக் கட்டினாள். தலைக்கவசத்தைப் போட்டுத் தாடைக்குக் கீழே வாரை இறுக்கினாள். பிறகு முற்றத்தில் இறங்கி வெய்யிலில் நின்றுகொண்டு, உள்ளேயிருந்து கேட்கிற ஒரு தகரக் குரலில், "சேர், அதாலை எனக்கு அடிச்சுப் பாருங்கோ" என்றாள். "தலையிலை. முழுப் பலத்தோடை."

பொலிஸ் நிலையம் முழுக்க வெளியே வந்துவிட்டது. அதிகாரி வாளை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். அவர் கையை ஓங்குவார் என்று நான் நினைத்தேன். காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர் என் பிள்ளைக்கு முன்னால் வாளோடு நிற்கிறார். அதை அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். நான் எதற்காக இந்த ஊரை விட்டுப் போனேன் என்று அந்த இடத்தில் எனக்கு மறந்துபோனது.

அவர் ஓங்கவில்லை. "நான் அடிக்க ஏலாது" என்றார். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஸ்டேசனில வைச்சு அடிச்சா என்ர வேலை போகும்." அவர் சுற்றிப் பார்த்தார். அவருடைய கண் என்னில் வந்து நின்றது. வாளைத் திருப்பிப் பிடியை என் பக்கம் நீட்டினார்.

"அப்பா நீங்கதானே. நீங்க அடிங்க."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த மொழியும் வரவில்லை. பிடியை வாங்கினேன். தவம் நன்றாகத்தான் செய்திருக்கிறான். சமநிலை சரியாக இருந்ததால் கையில் பாரம் தெரியவில்லை. நான் என் மகளுக்கு ஒருநாளும் கை ஓங்கியவன் அல்ல. படிக்காமல் விட்டதற்கும் இல்லை, தமிழ் வகுப்பை விட்டு நின்றதற்கும் இல்லை. முதல் அடியை மெதுவாக வைத்தேன். வாள் தலைக்கவசத்தில் டங் என்று பட்டு வழுக்கியது. யாரோ சிரித்தார்கள்.

"அது அடி இல்லை" என்றார் அதிகாரி.

"அப்பா, அடியுங்கோ" என்றது தகரக் குரல். "எனக்கு ஒண்டும் நடக்காது. அந்த மனுசனைப் பாருங்கோ."

திறந்த கதவுக்குள்ளால் வாங்கில் இருந்த தவத்தைப் பார்த்தேன். இரண்டாவது அடியை இரண்டு கையாலும் பிடித்துப் போட்டேன். சத்தத்தில் மதிலில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. கொஸ்தாப்பல் ஓரடி பின்னால் போனார். அவள் ஆடவில்லை. அதிகாரி கையை உயர்த்தி, "போதும் போதும்" என்றார். எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகும் நான் அடித்தேன். மூன்றாவது அடியைப் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அது எங்கேயிருந்து வந்ததென்று சொல்லத் தெரியவில்லை. தோளுக்குப் பின்னால் எங்கேயோ நெடுங்காலம் கிடந்து வந்ததுபோல வந்தது. அவள் ஒரு காலைப் பின்வைத்துத்தான் தாங்கினாள். நான்காவதற்கும் கை உயர்ந்துவிட்டது. அதிகாரி என் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, வாளைத் தானே எடுத்துக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

7

தவத்தின் வாக்குமூலத்தையும் எங்கள் இருவருடைய வாக்குமூலத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வாளை நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டும், ஆளைக் கொண்டுபோகலாம் என்றார் அதிகாரி. இனிமேல் மண்வெட்டி மட்டும் செய் என்று தவத்துக்குச் சொன்னார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

தவத்தை அவனுடைய மனைவியோடு முன்னால் ஓர் ஓட்டோவில் அனுப்பிவிட்டு நாங்கள் பின்னால் வந்தோம். மகள் மடியில் இருந்த தலைக்கவசத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். உச்சியில் புதிதாக ஒரு நெளிவு விழுந்திருந்தது.

"சேர் போதும் எண்டவர்" என்றாள்.

"ஓம்."

"கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"அப்ப மூண்டாவது ஆருக்கு?"

"தெரியேல்லை பிள்ளை" என்றேன். "உனக்கில்லை. சத்தியமா உனக்கில்லை." அதைச் சொல்லும்போதே அழுதேன். ஓட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பிவிட்டார்.

அவள் என்னைத் தேற்றவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கமும் இல்லை. பிறகு, "இவ்வளவு காலமா இதை உள்ளுக்கை வைச்சுக்கொண்டே யன்னல் செய்யிறனீங்கள்?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமையிலை என்னோடை வாங்கோ அப்பா. அங்கை அடிக்கலாம். திருப்பியும் அடிப்பினம். ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்."

"இந்த வயசிலையோ?"

"உங்களிலும் வயசான ஆக்கள் இருக்கினம். முதல் தலைக்கவசம் வேணும். மற்ற ஆக்களின்ரை பழசு உங்களுக்குச் சரிவராது, அளவெடுத்துத்தான் செய்யவேணும்."

அவள் தன் கழுத்தில் கிடந்த சால்வையைக் கழற்றி என் நெற்றியையும் பிடரியையும் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு நுனியும் சந்திக்கிற இடத்தை விரலால் பிடித்தாள். வீதி முழுக்கக் கிடங்கு. ஓட்டோ குலுக்கிக்கொண்டே போனது.

"ஆடாதையுங்கோ" என்றாள்.

நான் ஆடாமல் இருந்தேன்.